மணிக்கு 42 லிட்டர் ஊறும் போர்வெல்: ஒரு வீட்டின் தண்ணீர் ஏற்பாடு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தர்மபுரி மாவட்டத்தில், ஊரை விட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி, மானாவாரிக் கொல்லை நடுவே கட்டிய வீடு அது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், 11 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள் என்று 6 பேர். இரண்டு கறவை மாடுகள். சுமார் 1000 சதுர அடியில் கான்கிரீட் கூரை, அதன்மேல் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. ஊருக்குள் குழாய்த் தண்ணீர் உண்டு. ஆனால் அந்தக் குழாய் இவர்கள் கொல்லை வரைக்கும் வரவில்லை.

வீட்டுக்கு இருந்த ஒரே ஆதாரம் 480 அடி போர்வெல், ஆறரை அங்குல அகலம். 400 அடியில் ஒன்றரை எச்பி நீர்மூழ்கி மோட்டார். 2023 ஏப்ரல் முதல் வாரத்தில் மகன் என்னைக் கூப்பிட்டார். நான் கட்டடப் பொறியாளன். வீட்டுத் தண்ணீர் வேலைகளும் செய்து கொடுப்பேன். அவர் கூப்பிட்டது இரண்டாவது போர் போட இடம் சரியா என்று கேட்க. நீரோட்டம் பார்ப்பவர் வந்து, பழைய போரிலிருந்து 40 அடி தள்ளி ஓர் இடத்தில் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார். ஆயிரம் அடி வரை போட 1,60,000 ரூபாய் ஆகும் என்று போர் வண்டிக்காரர் கணக்குச் சொல்லியிருந்தார். பாதிப் பணத்துக்கு நகை அடகு வைப்பதாக முடிவாகியிருந்தது.

வீட்டாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். எண்கள் எல்லாம் என் குறிப்பேட்டில் இருப்பவை.

முதல் நாள் பார்த்தது

நான் போனபோது காலை 6 மணி. மோட்டார் போடும் நேரம் அதுதான். மகன் சுவிட்சைப் போட்டார். மாடித் தொட்டிக்குப் போகும் குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது, சத்தமே இல்லை. நான்கரை நிமிடம் கழித்துத்தான் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. "எப்பவும் இப்படித்தான் சார், மேல வர நேரமாகும்" என்றார். ஏறத்தாழ கால் மணி நேரம் நன்றாக விழுந்தது. அதற்குப் பின் புஸ் புஸ்ஸென்று காற்று. உடனே நிறுத்தினார். மாலை 6 மணிக்கு மறுபடி இதே கதை.

யாராவது நிறுத்த மறந்தால் மோட்டார் வெறும் காற்றில் ஓடும். அப்படி ஓடி இரண்டு முறை உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரிந்து, புதிதாகக் கட்டி வாங்கியிருக்கிறார்கள். போன மார்ச்சில் மட்டும் இரண்டு டிராக்டர் டேங்கர் தண்ணீர் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். தண்ணீரை ஊற்றி வைக்க இடமில்லாததால் அண்டா, டிரம், மாட்டுத் தொட்டி என்று எல்லாவற்றிலும் நிரப்பி, மிச்சத்தை வேறு வழியின்றி தென்னங்கன்றுகளுக்கு விட்டிருக்கிறார்கள்.

அடுப்படியில் பாட்டி பருப்பு வேக வைத்துக்கொண்டிருந்தார். "ஒரு மணி நேரமா கொதிக்குது தம்பி. கல்லு மாதிரி நிக்குது பாரு" என்று கரண்டியில் இரண்டு பருப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விரலால் அழுத்தினேன். நசுங்காமல் வழுக்கிப் போனது. கடினத்தன்மை அதிகமுள்ள நீரில் துவரம்பருப்பு சரியாக வேகாது. சோதனைக் கூடத்துக்குப் போகாமலேயே கிடைத்த முதல் தகவல் அது.

இரண்டாவது தகவல் பெரிய பெண்ணின் சிரிப்பில் இருந்தது. முன்பற்களில் குறுக்கே சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைக் கோடுகள், நடுவே இரண்டு பல்லில் பழுப்புத் திட்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை செய்கிற எவருக்கும் அது தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடு என்ற உப்பால் விழும் கறை என்று தெரியும். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் இந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லில் இருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. பல் முளைக்கும் முன்பே, ஈறுக்குள் பல் உருவாகும் வயதில்தான் இந்தக் கறை விழுகிறது. பிறகு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் விழுந்த கறை போகாது. சின்னவளுக்கு 5 வயது. நிலைப்பற்கள் அவளுக்கு இன்னும் உள்ளே உருவாகிக்கொண்டிருந்தன.

அந்தக் காலையில் நான் அவர்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அடகுக் கடைக்குப் போவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள், முதலில் அளந்து பார்ப்போம் என்றேன். தாத்தாவுக்கு அதில் உடன்பாடில்லை. "அளந்தா ஊறிடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

மோட்டாரைத் தூக்கியது

அளப்பதற்கு முன் அந்த நான்கரை நிமிடத்துக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது. நிறுத்தியதும் குழாய்க்குள் நிற்கவேண்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது என்பதுதான் அதன் பொருள். ஒன்றேகால் அங்குலக் குழாய் 400 அடி நீளத்துக்குக் கிட்டத்தட்ட 117 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் அந்த 117 லிட்டரை மறுபடி மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

முக்காலி, கப்பியோடு மூன்று பேர் வந்து மோட்டாரை மேலே எடுத்தார்கள். ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வின் உள்ளே ரப்பர் வாஷர் ஒரு பக்கம் தேய்ந்து, அந்த இடுக்கில் வெள்ளையாகக் காரை பிடித்திருந்தது. மோட்டார் உடம்பு முழுக்கவும் அதே வெள்ளை. புது வால்வு போட்டு இறக்கினோம். ஆள் கூலியோடு 6,500 ரூபாய். அடுத்த நாள் சுவிட்சைப் போட்டதும் சில நொடிகளில் தண்ணீர் விழுந்தது.

எவ்வளவு ஊறுகிறது

குறைந்த ஊற்றுள்ள போரில் வீட்டார் பார்ப்பது குழாயில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வருகிறது என்பதை. அது மோட்டாரின் வேகம். பாறை இடுக்கிலிருந்து போருக்குள் எவ்வளவு வருகிறது என்பது வேறு கணக்கு. ஆறரை அங்குலப் போரில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் நிற்கும். நிற்கிற தண்ணீரை மோட்டார் கால் மணி நேரத்தில் இறைத்துவிடும். அதற்குப் பின் வருவதுதான் ஊற்று.

அளந்த முறை எளியது. ஒருவர் சுவிட்ச் பக்கத்தில் நிற்க, காற்று வரும் வரை இறைத்து நிறுத்தினோம். சரியாக ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடி இறைத்து, வந்ததை 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் பிடித்தோம். இரண்டு வாளி நிரம்பி, மூன்றாவதில் ஒரு செம்பு அளவு விழுந்ததும் காற்று வந்துவிட்டது. 42 லிட்டர். இதேபோல் 2 மணி நேரம், 4 மணி நேரம், 8 மணி நேரம், 12 மணி நேரம் என்று இடைவெளி விட்டு வெவ்வேறு நாட்களில் அளந்தோம். கிடைத்தது முறையே 80, 150, 265, 360 லிட்டர்.

வாளி எண்ணும் வேலையைப் பெரிய பெண் எடுத்துக்கொண்டாள். குறிப்பேட்டில் கோடு போட்டு எழுதினாள். நான்காவது நாள் தாத்தா அந்தக் கணக்கை எட்டிப் பார்த்தார். "ஒரு மணிக்கு 42ன்னா 12 மணிக்கு 500 வரணுமே, ஏன் 360தான் வருது?" என்று கேட்டார்.

இந்த வீட்டின் தீர்வே அந்தக் கேள்விக்குள் இருந்தது. போரில் தண்ணீர் மட்டம் தாழ்ந்திருக்கும்போது பாறை இடுக்கிலிருந்து வேகமாக ஊறும். மட்டம் ஏற ஏற, உள்ளே நிற்கும் தண்ணீரின் அழுத்தமே ஊற்றை எதிர்த்து நிற்கும், வேகம் குறையும். காலையும் மாலையுமாக இரண்டே முறை இறைத்தால் ஒரு நாளைக்கு 720 லிட்டர். அதே போரில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் 900 லிட்டருக்கு மேல். புதிதாக ஓர் அடிகூடத் துளைக்காமல் கிடைக்கக்கூடிய தண்ணீர் இது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மட்டத்தைத் தண்ணீர் வரும் வெடிப்புக்கும் கீழே கொண்டுபோனால் ஊற்று அதற்கு மேல் கூடாது, மோட்டாருக்குத்தான் ஆபத்து.

எவ்வளவு செலவாகிறது

மாடித் தொட்டியின் வெளியேறும் குழாயில் சின்ன மீட்டர் ஒன்றைப் பொருத்தி ஒரு வாரம் பார்த்தோம். நாளைக்கு 2000 லிட்டராவது ஆகும் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சராசரி 720 லிட்டர். அதில் மாடுகள் குடிக்கவும் தொழுவம் கழுவவும் 180. குறைந்த நாள் 590, துணி துவைத்த ஞாயிற்றுக்கிழமை 1,340.

ஆக, தேவையும் வரவும் ஏப்ரலில்கூட ஏறத்தாழ சமமாகத்தான் இருந்தன. வீடு தவித்தது ஞாயிற்றுக்கிழமைகளிலும், சொந்தக்காரர்கள் வரும் நாட்களிலும், மோட்டார் எரிந்து கிடந்த நாட்களிலும். சேர்த்து வைக்க இடம் இருந்திருந்தால் இவற்றில் பெரும்பாலான நாட்களைத் தாண்டியிருக்கலாம்.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எவ்வளவு என்று தனியாகக் குடத்தால் அளந்தோம். 35 லிட்டர். மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு.

ஆய்வகம் சொன்னது

மாவட்டத் தலைநகரில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மூன்று மாதிரிகள் கொடுத்தோம்: போர் நீர், மாடித் தொட்டி நீர், வீட்டில் இருந்த, சவ்வு வழியாக நீரை வடிகட்டும் ஆர்ஓ இயந்திரத்தின் நீர். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை அவர்களிடமே வாங்கி, குழாய் வாயைச் சுட்டுவிட்டுப் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்தோம்.

போர் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1,240 மில்லிகிராம், கடினத்தன்மை 420, புளோரைடு 2.6. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 புளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவாக 1 மில்லிகிராமையும், வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் அதிகபட்சமாக 1.5ஐயும் வைத்திருக்கிறது. போரில் கிருமி இல்லை. மூடி உடைந்த மாடித் தொட்டியில் இருந்தது.

என்னை உலுக்கியது மூன்றாவது முடிவு. ஆர்ஓ நீரில் புளோரைடு 1.4. இரண்டு வருடமாக "ஆர்ஓ தண்ணிதான் குடிக்கிறோம்" என்ற நிம்மதியில் குழந்தைகளுக்குக் கொடுத்து வந்த தண்ணீர் அது. இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். சுவைக்காக வடிகட்டாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருந்தது, பாதிக்கு மேல் திறந்திருந்தது. பொருத்தியவர் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், புளோரைடைத் தனியாகக் காட்டாது. திருகை முழுதும் மூடி மறுபடி சோதித்தபோது 0.3 வந்தது.

வீட்டில் இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் மிஞ்சும் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடரும் மணல் வடிகட்டியும் இந்த விஷயத்தில் உதவாது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

இரண்டாவது போர் வேண்டாம் என்றேன். 40 அடி தள்ளிப் போட்டால் பெரும்பாலும் அதே வெடிப்பிலிருந்துதான் பங்கு பிரியும். கடினப் பாறையில் ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். பாறைக்குள் நெடுங்காலம் தங்கிய நீரில் புளோரைடு கூடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு. இதைவிட, அவர்களைச் சம்மதிக்க வைத்தது பக்கத்துக் கொல்லைதான். அங்கே 900 அடி போட்டும் தூசிதான் பறந்திருந்தது.

மகன் கம்ப்ரசர் மோட்டாரைப் பற்றிக் கேட்டார். ஊற்று குறைந்த போர்களுக்கு நம் பக்கம் பலரும் போடுகிறார்கள், தண்ணீர் இல்லாவிட்டாலும் எரியாது என்பது உண்மை. ஆனால் அதே அளவு தண்ணீருக்கு மின்சாரம் கூடுதலாக இழுக்கும், எண்ணெய் வாசனை தண்ணீரில் கலக்கும். இருக்கிற மோட்டாரே போதும், அதை ஓட்டும் விதத்தை மாற்றுவோம் என்று முடிவு செய்தோம். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 3 நிமிடம் ஓடும்படி டிஜிட்டல் டைமர், மின்சாரம் போனாலும் நேரம் மறக்காத பேட்டரி உள்ளது. நாளைக்கு 12 முறை, முறைக்கு 75 லிட்டர், மொத்தம் 900. தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிறுத்தும் டிரை-ரன் ரிலே ஒன்று. தொட்டி நிரம்பினால் நிறுத்த மிதவை சுவிட்ச். வால்வை மாற்றாமல் இந்த டைமரைப் போட்டிருந்தால் ஒரு நாளைக்கு 12 தடவை 117 லிட்டரை வீணாகத் தூக்கியிருப்போம். அதனால்தான் அந்த வேலை முதலில்.

அப்புறம் சேமிப்பு. மோட்டாரைத் தூக்கிப் பழுது பார்க்க வெயில் காலத்தில் ஆள் கிடைப்பதே 4 நாள் ஆகும். 4 நாளுக்கு 720 வீதம் 2,900 லிட்டர். அதன்மேல் ஞாயிற்றுக்கிழமைத் துவைப்புக்குக் கொஞ்சம். 5000 லிட்டர் தொட்டி என்று முடிவு செய்தோம். இந்தத் தொட்டி ஒரு வறட்சியையே தாண்ட வைக்காது என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாளைக்கு 200 லிட்டர் குறைந்தால் 3 மாதத்துக்கு 18,000 லிட்டர் வேண்டும். வரவு தேவையைவிடக் குறைந்துவிட்டால் தொட்டியால் சில நாட்கள்தான் தாக்குப்பிடிக்க முடியும்.

நிலத்தடித் தொட்டி கட்டலாம் என்பது தாத்தாவின் விருப்பம். தொழுவம் 20 அடியில் இருக்கிறது. சுவரில் கீறல் விழுந்தால் கோமியம் கசிந்து உள்ளே போகும், வெளியே தெரியாது. அதனால் தரைக்கு மேலே, வீட்டுக்கு வடக்கே நிழலில் வைத்தோம். 5000 லிட்டர் என்றால் 5 டன் எடை. கருங்கல் கட்டி, மேலே மட்டமாகக் கான்கிரீட் போட்ட மேடையில் தொட்டியின் அடி முழுதும் படிய வேண்டும். அங்கிருந்து அரை எச்பி மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும்.

வாய்க்குள் போகும் தண்ணீருக்கு மழை. இதில்தான் அதிகம் பேசினோம். திருகை மூடிய ஆர்ஓவே 0.3 தரும்போது எதற்கு இன்னொரு தொட்டி என்று மருமகள் கேட்டார். அவர் கேட்டது சரி. ஆனால் அந்த இயந்திரம் 35 லிட்டர் தர 70 லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. மணிக்கு 42 லிட்டர் ஊறும் போரில் அது இரண்டு மணி நேர ஊற்றுக்குச் சற்றே குறைவு. இந்தக் கடின நீரில் சவ்வும் சீக்கிரம் அடைக்கும், அதைக் கவனிக்காமல் விட்டால் மறுபடி பழைய கதைதான். 1000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்துவது போக 1,800 லிட்டர் கிடைக்கும். தர்மபுரியில் மே மாதக் கோடை மழையும் உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும் உண்டு. வறண்ட காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 120 நாள். 120 நாளுக்கு 35 லிட்டர் வீதம் 4,200. ஆக இன்னொரு 5000 லிட்டர் தொட்டி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும். போர் நீர் குளிக்கவும் துவைக்கவும் மாட்டுக்கும்.

"மழைத் தண்ணில சத்து இருக்காதே" என்றார் பாட்டி. சுண்ணாம்புச் சத்துக்குத் தண்ணீரை நம்ப வேண்டாம், ராகிக் களியும் பாலும் கீரையும் இந்த வீட்டில் தினமும் இருக்கிறதே என்றேன். ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. சரி, பார்க்கலாம் என்று விட்டார்.

வேலை நடந்த விதம்

ஜூன் 2023இல் இரண்டு வாரத்தில் முடிந்தது. வால்வு மாற்றியதற்கு 6,500, டைமர், ரிலே, மிதவைக்கு 5,000, இரண்டு தொட்டிக்கும் சேர்த்து 68,000, மேடை, குழாய், வடிகட்டிக்கு 24,000, அரை எச்பி மோட்டாருக்கு 6,500. மொத்தம் 1,10,000 ரூபாய். நகை வீட்டிலேயே இருந்தது.

கூரையில் புளியும் வேர்க்கடலையும் காயப்போடும் வழக்கத்தை மழைக்காலத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. பருவத்தின் முதல் மழையை முழுவதும் வெளியே விடுவது, அதன்பின் ஒவ்வொரு மழையிலும் முதல் 100 லிட்டர் ஒரு தனி டிரம்மில் விழுந்து ஒதுங்குவது என்று வைத்தோம். அது நிறைந்த பிறகுதான் ஜல்லி, மணல், கரி வடிகட்டி வழியாகத் தொட்டிக்குப் போகும். தொட்டி வாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் கொசு நுழையாத வலை. தொட்டி நிறைந்ததும் 30 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுவது. 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடராக இருந்தால் 5000 லிட்டருக்கு அது போதும். அரை மணி நேரம் கழித்து, ஊரில் மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் இருக்கும், குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பை வாங்கி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் மிஞ்சுகிறதா என்று பார்த்தோம். குழந்தைகளுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

நடுவில் நேர்ந்த தவறு

செப்டம்பர் கடைசியில் மருமகள் போன் செய்தார். "சார், மறுபடியும் பருப்பு வேக மாட்டேங்குது." ஆகஸ்ட் மழையில் தொட்டி நிறைந்ததிலிருந்து பருப்பு அரை மணி நேரத்தில் குழைந்து வந்ததாக அவரே சொல்லியிருந்தார். மழைத் தொட்டி நிறைந்துதான் இருந்தது. அடுப்படிக் குடத்திலிருந்து ஒரு மாதிரி எடுத்துப்போய்ச் சோதித்தோம். புளோரைடு 2.2.

குடிநீர்க் குழாயை மழைத் தொட்டியின் அடியிலேயே, வீட்டின் பின்பக்கம் வைத்திருந்தேன். போர் நீர்க் குழாய் அடுப்படி வாசலில், எட்டும் தூரத்தில். மழைக்காலத்தில் பின்பக்கம் பாசி பிடித்து வழுக்கியது. விடியற்காலை இருட்டில் குடத்தோடு அங்கே போகப் பாட்டிக்குப் பயம். வாசல் குழாயிலேயே பிடித்து வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடிக்கடி மழை பெய்ததால் தொட்டியின் மட்டம் குறையாதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஏறத்தாழ 5 வாரம் அந்த வீடு பழைய தண்ணீரையே குடித்திருக்கிறது.

தவறு பாட்டியுடையது அல்ல, என்னுடையது. அந்த வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார், எந்த நேரத்தில், எந்தப் பாதையில் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த வாரமே மழைத் தொட்டியிலிருந்து அடுப்படிக்குள் குழாய் இழுத்து, நீலக் கைப்பிடி போட்ட குழாய் வைத்தோம். வாசல் குழாயைத் தொழுவப் பக்கம் நகர்த்தினோம். செலவு 1,900 ரூபாய்.

2024 கோடை

வடகிழக்குப் பருவம் முடிந்து டிசம்பர் 10ஆம் தேதி மழைத் தொட்டி முழுதாக இருந்தது. 2024இன் கோடை தமிழ்நாட்டு உள் மாவட்டங்களுக்குக் கடுமையானது. ஏப்ரலில் மறுபடி வாளி வைத்து அளந்தோம். மணிக்கு 34 லிட்டராக இறங்கியிருந்தது. டைமரை 3 மணி நேரத்துக்கு ஒரு முறை 4 நிமிடம் என்று மாற்றினோம். நாளைக்கு ஏறத்தாழ 730 லிட்டர். வீட்டின் மொத்தச் செலவு 690, அதில் 33 மழைத் தொட்டியிலிருந்து. நூலிழையில் தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். டிரை-ரன் ரிலே அந்த மாதம் மூன்று முறை மோட்டாரை நிறுத்தியது. அது இல்லாவிட்டால் மூன்றாவது தடவையாகக் காயில் கட்டியிருப்பார்கள்.

ஏப்ரல் 25ஆம் தேதி மழைத் தொட்டியில் 500 லிட்டர்தான் மிஞ்சியது. அன்றிலிருந்து மழை நீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சமையலுக்குத் திருகு மூடிய ஆர்ஓவைப் பயன்படுத்தினார்கள். அதன் கழிவு நீரை மாட்டுக்குக் கொடுக்க வேண்டாம், புளோரைடு அதில் இன்னும் அடர்த்தி என்று சொல்லியிருந்தேன். கழிப்பறைக்கு ஊற்றினார்கள். மே நடுவில் மழை வந்தது.

அந்தக் கோடையில் வாங்கிய டேங்கர் ஒன்றே ஒன்று, சின்னவளின் காதுகுத்துக்கு. வாங்கிய தண்ணீரை ஊற்றி வைக்க இந்த முறை இடம் இருந்தது.

குடத்து நீரை ஜூன் 2024இல் மறுபடி சோதித்ததில் புளோரைடு 0.2. கிருமி இல்லை.

மறுபடி செய்தால்

அளக்கும் வேலையை ஏப்ரல், மே மாதங்களில்தான் வைப்பேன், அதில் மாற்றமில்லை. நவம்பரில் அளந்து திட்டம் போட்டிருந்தால் இந்த வீடு ஏப்ரலில் ஏமாந்திருக்கும்.

மழைத் தொட்டியை 120 நாள் கணக்கில் வைத்தது குறைவு. டிசம்பர் நடுவிலேயே மழை நின்று மே நடுவில்தான் திரும்புகிற வருடம் வரும் என்று எடுத்துக்கொண்டு 160 நாளுக்கு, அதாவது 5,600 லிட்டருக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். போர் நீருக்கு 5000 லிட்டர் வைத்ததில் 2000 லிட்டரை இந்தப் பக்கம் மாற்றியிருந்தால் அதே செலவில் முடிந்திருக்கும்.

ஆர்ஓவைப் பார்த்த முதல் நாளே திறந்து பார்த்திருக்க வேண்டும். ஆய்வக முடிவு வர 9 நாள் ஆனது. 9 நாளும் குழந்தைகள் அதையே குடித்தார்கள். வீட்டில் ஆர்ஓ இருக்கிறது என்று சொன்னதும் இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அந்தத் திருகைத்தான்.

அடுப்படிக்குள் குழாய் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுவேன். தண்ணீர் பிடிப்பவரோடு ஒரு விடியற்காலை கூடவே நடந்து பார்ப்பேன்.

பெரிய பெண் இன்னும் அந்தக் குறிப்பேட்டை வைத்திருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர ஊற்றை அளந்து தேதி போட்டு எழுதுகிறாள். இந்த ஆடியில் இரண்டாவது மழைத் தொட்டிக்கு மேடை கட்டியாகிவிட்டது. 2000 லிட்டர் தொட்டி சொல்லி வைத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை.